பொன்னெழுத்தின் வேலை: போவே பூசைப் புத்தகத்திலிருந்து ஓர் ஏடு

ஏறத்தாழ 29 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 21 வரி. கருமையும் பழுப்பும் கலந்த மையில் நெருக்கி எழுதிய லத்தீன். நடுநடுவே சிவப்பு மையில் ஓரிரு சொற்கள். பத்தியின் இடது ஓரத்தில் இரண்டு வரி உயரத்துக்கு ஓர் எழுத்து நிற்கிறது. அதன் உடல் இளஞ்சிவப்பு அல்லது நீலம், உடலுக்குள் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள், பின்னணி முழுக்கப் பளபளக்கும் பொன். அந்த எழுத்திலிருந்து ஒரு தண்டு கிளம்பி, எழுதாத ஓரத்தில் மேலும் கீழும் ஓடி, முனையில் வளைந்து முக்கூர் இலைகள் விடுகிறது.

1290 வாக்கில் வட பிரான்சில் எழுதிய ஒரு பூசைப் புத்தகத்தின் ஏடு இது. போவே நகரத்துப் பேராலயத்துக்கு உரியதாக இருந்ததால் அந்த நூலைப் போவே மிசல் என்கிறார்கள். மொத்தம் 309 ஏடுகள் இருந்தன. இன்று அது நூலாக இல்லை. 1942-இலிருந்து ஏடு ஏடாகப் பிரித்து விற்கப்பட்டு, பெரும்பாலும் அமெரிக்க நூலகங்களிலும் கல்லூரிகளிலும் வீடுகளிலும் சிதறிக் கிடக்கிறது.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய ஒற்றை ஏட்டை யாரும் ஓவியமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பொன்னும் கொடியும் நிறமும் ஒரு வேலைக்காக வைக்கப்பட்டவை. பீடத்தின் முன் நின்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கையும் வாயும் ஓயாமல் இயங்கும் ஒரு குருவுக்கு "இப்போது நீ இங்கே இருக்கிறாய், அடுத்து இங்கே வா" என்று சொல்வதே அந்த வேலை. அதைப் புரிந்துகொண்டால், ஏடு எப்படிச் செய்யப்பட்டது, ஏன் அந்த வரிசையில் செய்யப்பட்டது, சிதறிய ஏடுகளை எப்படி மறுபடி வரிசைப்படுத்துகிறார்கள் என்ற மூன்றும் ஒரே கயிற்றில் வந்து நிற்கும்.

எழுத்தின் அளவே முகவரி

திருப்பலியில் சில பகுதிகள் என்றும் மாறாதவை, சில நாளுக்கு நாள் மாறுபவை. மாறுபவற்றின் வரிசை தமிழ்த் திருப்பலிப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமானதுதான்: வருகைப் பல்லவி, திருக்குழும மன்றாட்டு, திருமுக வாசகம், அல்லேலூயா, நற்செய்தி, காணிக்கைப் பல்லவி, காணிக்கைமீது மன்றாட்டு, திருவிருந்துப் பல்லவி, திருவிருந்துக்குப் பின் மன்றாட்டு. பழங்காலத்தில் இவை தனித்தனிப் புத்தகங்களில் இருந்தன. பாடகர் குழுவுக்கு ஒன்று, வாசகருக்கு ஒன்று, குருவுக்கு ஒன்று. 13-ஆம் நூற்றாண்டுக்குள் எல்லாம் ஒரே நூலுக்குள் வந்துவிட்டன. அந்த நூல்தான் மிசல். எல்லாம் ஒன்றாக வந்ததும் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது: ஒரே பக்கத்தில் நான்கு வகைப் பாடங்கள், ஒரே மையில், ஒரே கையெழுத்தில். எது எங்கே தொடங்குகிறது?

இதற்கு எழுத்தர்கள் கண்ட விடை பல படிகள் கொண்டது. முதலில் எழுத்தின் பருமன். பாடகர் குழு பாடுகிற பல்லவிகளைக் குரு தனக்குள் மெல்லச் சொன்னால் போதும், ஆகவே அவை சிறிய எழுத்தில் வரும். குரு தாமே உரக்கச் சொல்லும் மன்றாட்டுகளும் வாசகங்களும் பெரிய எழுத்தில் வரும். ஒரே பத்தியில் இரண்டு பருமன் மாறி மாறி வருவதைப் பார்த்தாலே, அது மிசல் என்று முக்கால் பங்கு முடிவு செய்துவிடலாம்.

அடுத்தது சிவப்பு. சிவப்பில் இருக்கும் சொல்லை யாரும் ஓதக் கூடாது. அது தலைப்பு அல்லது கட்டளை: இங்கே மன்றாட்டு, இங்கே வாசகம், இன்ன புனிதரின் நாள். அதற்கும் மேலே முதலெழுத்துகள். ஒரு வரி உயரமுள்ளது சிறு பிரிவு. இரண்டு வரி உயரத்தில் பொன் பின்னணியோடு வந்தால் அது ஒரு முழு மன்றாட்டின் அல்லது வாசகத்தின் தொடக்கம். அதைவிடப் பெரியது என்றால் திருவிழா. லத்தீன் மன்றாட்டுகள் பல "தேயுஸ்", அதாவது "இறைவா" என்ற விளியோடு தொடங்கும். அதனால்தான் மிசல் ஏடுகளில் வயிறு பருத்த டி எழுத்து இத்தனை முறை கண்ணில் படுகிறது.

மன்றாட்டின் முடிவைப் பாருங்கள். பெரும்பாலும் "பெர்" என்ற ஒற்றைச் சொல்லோடு அறுந்து நிற்கும். "எங்கள் ஆண்டவர் வழியாக" என்று தொடங்கும் நீண்ட முடிவுரை குருவுக்கு மனப்பாடம் என்பதால், எழுத்தர் முதல் சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார். தோல் விலையுயர்ந்தது, மனப்பாடத்துக்குச் செலவில்லை. அதே காரணத்தால் "தோமினுஸ்" என்ற சொல் மூன்று எழுத்தும் மேலே ஒரு கோடுமாகச் சுருங்கும். பொன்னை அள்ளிப் பூசிய பக்கத்தில் எழுத்தை இவ்வளவு சிக்கனம் செய்திருப்பது முரணாகத் தோன்றலாம். சுருக்கிய எழுத்தை வேகமாகப் படிப்பதற்கே பெரிய அடையாளங்கள் தேவைப்பட்டன என்று பார்த்தால் முரண் இல்லை.

இந்த நூல் எழுதப்பட்ட காலத்தில் போவே பேராலயமே அரைகுறையாக நின்றது. 48 மீட்டர் உயரத்துக்கு எழுப்பி 1272-இல் முடித்த பீடப்பகுதியின் கூரை வளைவு 1284-இல் இடிந்து விழுந்தது. செப்பனிடும் பணி பல பத்தாண்டுகள் இழுத்தது. நூலைப் பேராலயத்துக்குக் கொடுத்தவர் அங்கே குருவாக இருந்த ரொபேர் த ஆன்ஜெஸ்ட். 1356-ஐச் சேர்ந்த அந்தக் கொடைக் குறிப்பு நூல் முழுதாக இருந்தபோது அதற்குள்ளேயே இருந்தது. பிற்பாடு இது எந்த ஊர் நூல் என்று சொல்ல அந்தக் குறிப்பே ஆதாரமாயிற்று.

தோலிலிருந்து தாள்

கன்று அல்லது ஆட்டின் தோலைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறப் போடுவார்கள். தினமும் இரண்டு மூன்று முறை கிளற வேண்டும். மயிர்க்கால் இளகியதும், வளைந்த மரத்தின் மேல் போட்டு மழுங்கல் கத்தியால் மயிரை வழித்தெடுத்து, மறுபடி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுவார்கள். இதுவரை செருப்புத் தோல் செய்பவரின் வேலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு அடுத்த கட்டத்தில் வருகிறது. தோலைப் பட்டையோ கடுக்காயோ போட்டுப் பதனிடுவதில்லை. ஈரத்தோடு ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவிடுவார்கள். இழுவிசையில் காயும்போது தோலின் நார்கள் தளத்துக்கு இணையாகப் படுத்து அப்படியே இறுகிவிடும். பார்ச்மென்ட் என்று நாம் சொல்லும் விறைப்பான, வெளுத்த, இரு பக்கமும் எழுதக்கூடிய தாள் கிடைப்பது அந்த இழுவையால்தான்.

ஆணியடித்துக் கட்டினால் காயும் தோல் சுருங்கி ஓரம் கிழிந்துவிடும். ஆகவே ஓரத்தில் கூழாங்கல்லை வைத்துத் தோலால் பொட்டலம் போலச் சுற்றி, அந்தக் குமிழில் கயிறு கட்டி, சட்டத்தின் முளையில் சுற்றி முறுக்குவார்கள். காயக் காய முளையைத் திருகி இழுவையைக் கூட்டுவார்கள். சுரண்டும் கத்தி பிறை வடிவில் இருக்கும். நேர்கத்தியாக இருந்தால் அதன் முனை தோலில் குத்தி இறங்கும். அப்படியும் சில இடங்களில் கத்தி சற்று ஆழமாகப் போய்விடும். ஊசிமுனை அளவு வெட்டு, இழுவையில் வட்டமான ஓட்டையாக விரியும். ஈரமாக இருக்கும்போதே கவனித்தால் நூலால் தைத்துவிடலாம். காய்ந்த பிறகு கண்டால் ஒன்றும் செய்ய முடியாது, எழுத்தர் அதைச் சுற்றித்தான் எழுத வேண்டும்.

ஒரு தோலில் இந்த அளவு விரிதாள் இரண்டு எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 309 ஏட்டுக்குச் சுமார் 80 விலங்குகள் தேவைப்பட்டிருக்கும். பொன்னைவிட இந்தத் தோல் செலவுதான் மலைக்க வைக்கிறது.

தாளின் இரு முகமும் ஒன்றுபோல இருக்காது. மயிர் இருந்த பக்கம் சற்று மஞ்சள், சில இடங்களில் மயிர்க்கால் புள்ளிகள் கொத்தாகத் தெரியும். சதைப்பக்கம் வெளுப்பு, மென்மை. நூலைக் கட்டும்போது மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கம், சதைப்பக்கத்துக்கு எதிரே சதைப்பக்கம் வரும்படி மடிப்பார்கள், திறந்தால் இரு பக்கமும் ஒரே நிறமாகத் தெரியும். மடித்த நான்கு விரிதாள் சேர்ந்தால் 8 ஏடு, 16 பக்கம். நம் அச்சகத்தார் ஒரு ஃபாரம் என்பது அதே கணக்குதான். ஒற்றை ஏட்டைப் பிரித்து விற்க வேண்டுமானால் இந்த மடிப்பில் கத்தி வைக்க வேண்டும். வைத்தார்கள்.

கோடு, மை, எழுத்து

எழுதுவதற்கு முன், தாளின் இரு ஓரங்களிலும் ஊசியால் ஒரே இடைவெளியில் துளையிட்டு, துளைக்குத் துளை கோடு இழுப்பார்கள். 12-ஆம் நூற்றாண்டுக்கு முன் பெரும்பாலும் மழுங்கிய முனையால் பள்ளக்கோடு கிழித்தார்கள். இந்த ஏட்டின் காலத்தில் ஈயக்குச்சி வந்துவிட்டது, அதன் சாம்பல் கோடுகள் இன்றும் தெரியும். கால நிர்ணயத்துக்கு உதவும் ஓர் அடையாளம் இங்கே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்கு முன் முதல் வரியை மேல்கோட்டுக்கு மேலே எழுதினார்கள். பிறகு மேல்கோட்டுக்குக் கீழே எழுதத் தொடங்கினார்கள். எழுத்து முழுவதும் கோட்டுச் சட்டத்துக்குள் அடங்கி நின்றால், ஏடு பெரும்பாலும் 1230-க்குப் பிந்தையது.

மைக்கான சரக்கு மூன்றும் நம் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும்: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காயை இடித்து ஊறவைத்த துவர்ப்புநீரில் அன்னபேதியைக் கரைத்தால் கறுக்கத் தொடங்கும். பிசின் அதைத் தோலில் பிடித்து வைக்கும். எழுதும் நேரத்தில் மை வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுத்தான் ஒரு நாளில் முழுக் கருமை ஏறும். அன்னபேதி மிஞ்சினால் அமிலம் கூடி, நூறாண்டுகளில் எழுத்து இருந்த இடத்தைத் தின்றுவிடும். பிசின் குறைந்தால் மை உதிரும். சதைப்பக்கம் வழுவழுப்பு என்பதால் முதலில் உதிர்வது அங்கேதான். ஒரே ஏட்டில் ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால், அது இரண்டு எழுத்தர் என்பதற்குச் சான்றாகாது.

எழுத்தரின் வலக்கையில் வாத்து இறகு, இடக்கையில் கத்தி. துள்ளும் தாளைக் கத்திமுனையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார், பிழை வந்தால் அதே கத்தியால் சுரண்டுவார். முதலெழுத்துக்கு இரண்டு வரி இடம் விட்டு, அந்த வெற்றிடத்தில் மிகச் சிறியதாக அந்த எழுத்தை எழுதி வைப்பார். நிறம் தீட்டுபவருக்கு லத்தீன் தெரிய வேண்டியதில்லை, அந்தக் குறிப்பைப் பார்த்து வரைந்தால் போதும். குறிப்பை மறந்துவிட்டால் தவறான எழுத்து பொன்னில் ஏறிவிடும். அப்படி ஏறிய நூல்கள் உண்டு. சுரண்டித் திருத்த முடியாத பிழை அது.

பொன் முதலில், நிறம் பிறகு

முதலெழுத்தைக் கோட்டில் வரைந்ததும் நிறத்துக்குப் போக மாட்டார்கள். பொன்தான் முதல். இதற்கு இரண்டு காரணம். பொன் இழை என்னும் மிக மெல்லிய பொன் தகடு முட்டை வெண்கருவோ பிசினோ உள்ள எந்தப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும், நிறத்தை முதலில் தீட்டினால் அதன் மேலெல்லாம் பொன் தூசு. இரண்டாவது, பொன்னைக் கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது பக்கத்திலுள்ள நிறம் சிராய்த்துப் போகும்.

பொன்னுக்குக் கீழே ஒரு மெத்தை போட வேண்டும். இந்த நூலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இத்தாலியில் சென்னினோ சென்னினி எழுதி வைத்த செய்முறை தெளிவானது. சுட்ட ஜிப்சத்தை நிறையத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம் தினமும் கிளற வேண்டும், இறுகும் குணம் முழுக்கச் செத்துப் பட்டுப் போன்ற மாவாகும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஈய வெள்ளை, அதைவிடக் குறைவாகச் சர்க்கரை, இளஞ்சிவப்பு காட்டும் அளவுக்குச் செம்மண். எல்லாவற்றையும் அடித்துத் தெளியவைத்த முட்டை வெண்கருவில் அரைக்க வேண்டும். செம்மண்ணுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: வெள்ளைத் தோலில் வெள்ளைக் கலவை பூசினால் எங்கே பூசினோம் என்றே தெரியாது.

கலவையை இறகால் சொட்டு வைத்துப் பரப்பி, காய்ந்ததும் மேலே மேலே சில தடவை ஏற்றுவார்கள். ஈரத்தின் இழுப்பால் அது தானாகவே நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாகக் குவியும். காய்ந்த பிறகு கத்தியால் மெல்லச் சீவி வழவழப்பாக்குவார்கள். பிறகு ஒரு சிறு குழாய் வழியே மெத்தையின் மேல் மூச்சை ஊத வேண்டும். சர்க்கரை அந்த ஈரத்தை உறிஞ்சிச் சில விநாடிகள் பிசுபிசுக்கும். அந்தச் சில விநாடிக்குள் பொன் இழையைப் போட்டு, பட்டுத்துணியால் அழுத்தி, சற்று ஆறவிட்டு, வழவழப்பான கல்லால் அல்லது நாய்ப்பல்லால் தேய்க்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி. பொன்னின் மேல் பொன் நன்றாகவே ஒட்டும், ஆகவே இரண்டாவது இழையும் போடுவதுண்டு.

கெடுவதற்கு இங்கே வழிகள் ஏராளம். சர்க்கரை கூடினால் மெத்தை எப்போதும் ஈரம் கோத்து நின்று, தேய்க்கும் கல்லோடு பொன் பிய்ந்துவரும். குறைந்தால் மூச்சு எவ்வளவு ஊதினாலும் ஒட்டாது. வெண்கருவின் பிணைப்பு மிஞ்சினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். அரைக்கும்போது காற்றுக்குமிழி புகுந்தால் பொன்னில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும். குமிழி உடைய ஒரு துளி காதுக்குறும்பி சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்பும் இருக்கிறது, எண்ணெய்ப் பசை நுரையை அடக்கும் என்பதால் அது சரியான யோசனைதான். வெயில் ஏறிய உலர்ந்த பகலில் இந்த வேலை ஓடாது. ஈரக் காற்றுள்ள காலைப் பொழுதுதான் இதற்கு ஏற்றது.

இந்தக் குவிந்த மேடுதான் பொன்னெழுத்தின் சூட்சுமம். தட்டையான பொன் ஒரே ஒரு கோணத்தில் மின்னும், மற்றக் கோணங்களில் கறுத்துத் தெரியும். மேடாக இருந்தால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏதோ ஓரிடத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பும். ஆடும் மெழுகுவர்த்திச் சுடரில், பக்கத்தில் வேறெதுவும் தெளிவாகத் தெரியாத வேளையிலும், அடுத்த மன்றாட்டு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். அருங்காட்சியகத்தின் அசையாத விளக்கின் கீழ் இது பாதிதான் விளங்கும். ஏட்டின் முன் நின்று தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். அணைந்திருந்த எழுத்து ஒன்று எரியத் தொடங்கும்.

கொல்லத்திலிருந்து போன சிவப்பு

பொன் முடிந்த பிறகே நிறங்கள். அக்காலப் பிரெஞ்சு நூல்களின் நீலம் இரண்டு வழியில் வந்தது: ஐரோப்பியச் செம்புச் சுரங்கங்களின் அசுரைட் கல், அல்லது ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி. தலைப்புச் சிவப்புக்குச் சாதிலிங்கமோ ஈயச் சிவப்போ. நீண்ட கொடித்தண்டுகளில் வரும் அந்த மென்மையான இளஞ்சிவப்புக்கு அக்காலத்தில் மிகவும் பயன்பட்டது "பிரேசில்" மரம்.

தென்னமெரிக்க நாட்டுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்பே ஐரோப்பியச் சந்தையில் இருந்த பெயர் அது. அது குறித்தது ஆசியாவிலிருந்து வந்த சப்பங்கி மரத்தை. கேரளத்தில் குடிநீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகம் என்றால் பலருக்கும் தெரியும். இந்த மிசல் எழுதப்பட்ட அதே காலத்தில் நம் கரைகளைக் கடந்து சென்ற மார்க்கோ போலோ, கொல்லத்தில் கிடைக்கும் இம்மரம் உயர்ந்த தரம் என்றும், ஊரின் பெயராலேயே அது விற்கப்படுகிறது என்றும், இலங்கையிலும் சிறந்த மரம் உண்டு என்றும் குறித்திருக்கிறார். ஒரு குறிப்பிட்ட ஏட்டின் நிறம் எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இளஞ்சிவப்பில் தீட்டிய பிரெஞ்சு எழுத்துகளுக்குப் பின்னால் இந்தக் கடல்வழி இருந்தது.

மரத்தைச் சீவி, சாம்பல் காரநீரில் ஊறவைத்தால் சாயம் இறங்கும். அதில் படிகாரம் போட்டால் சாயம் திரண்டு அடியில் படியும், வடித்து உலர்த்தி அரைத்தால் நிறப்பொடி. காரம் கூடினால் ஊதா பக்கம் சாயும், புளிப்பு கூடினால் செம்மஞ்சளாகிவிடும், ஆகவே ஒவ்வொரு தொகுப்பும் சற்று வேறுபடும். இந்த நிறத்தின் பெரிய எதிரி வெளிச்சம். மூடிய நூலுக்குள் எழுநூறு ஆண்டு வாடாமல் இருந்த இளஞ்சிவப்பு, வரவேற்பறைச் சுவரில் சில பத்தாண்டுகளில் வெளிறிவிடும். அதே சுவரில் பொன்னும் லாபிஸ் நீலமும் அப்படியே இருக்கும். இதனால் ஏட்டின் நிறச்சமன் குலைந்து, நீலம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

தட்டையாகத் தீட்டிய நிறத்தின் மேல் ஈய வெள்ளையில் மெல்லிய கோடுகள், கடைசியாகக் கறுப்பு வெளிக்கோடு. பொன்னின் ஓரத்தில் இருக்கும் பிசிறு, நிறத்தின் வழிசல், எல்லாக் குறையையும் இந்தக் கறுப்புக் கோடு மறைத்துவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தக் கோட்டுக்கு அடியில் பொன் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். எது முதலில், எது பிறகு என்ற வரிசைக்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

கத்தி வைத்த கதை

1926-இல் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் இந்த நூல் முழுதாக விற்பனைக்கு வந்தது. அதை வாங்கியது அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டுக்காக. பின்னர் பணநெருக்கடியில் தம் சேகரிப்புகளை அவர் விற்றபோது, 1942-இல் நியூயார்க் புத்தக வணிகர் பிலிப் டஷ்னஸ் கைக்கு வந்தது. அவர் ஏடு ஏடாக விற்கத் தொடங்கினார். ஒரு பகுதி கிளீவ்லாந்தில் கலை ஆசிரியராக இருந்த ஆட்டோ ஈகே என்பவரிடம் போனது. ஈகே இப்படிப் பல நூல்களைப் பிரித்து, நூலுக்கு ஓர் ஏடாக 50 நூல்களின் ஏடுகளைக் கொண்ட பெட்டிகளை உருவாக்கினார், மொத்தம் 40 பெட்டி. அவற்றில் 15-ஆம் ஏடு போவே மிசலுடையது. அவர் 1951-இல் இறந்த பின்னும் அந்தப் பெட்டிகள் விற்கப்பட்டன.

ஈகே ஒளித்துச் செய்யவில்லை. 1938-இலேயே தம்மைப் புத்தகம் உடைப்பவர் என்று வெளிப்படையாக எழுதினார். முழு நூலை வாங்க இயலாத சிற்றூர்க் கல்லூரி மாணவனும் ஓர் உண்மையான ஏட்டைத் தொட்டுப் பார்க்கட்டும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை, இன்று அமெரிக்காவின் சிறு நூலகங்களிலும் இந்த ஏடுகள் இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் கணக்குப் பார்த்தால் வாதம் நிற்காது. ஏடாக விற்றால் நூலாக விற்பதைவிடப் பல மடங்கு பணம் வரும், அந்த ஆதாயம் இல்லாமல் யாரும் 309 ஏட்டை வெட்டியிருக்க மாட்டார்கள். மாணவனுக்குக் கிடைத்தது பொன்னெழுத்து. அந்தப் பொன்னெழுத்து எதைச் சுட்டிக்காட்டியதோ அந்த அடுத்த பக்கம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

உடலுக்கும் சேதம்தான். பார்ச்மென்ட் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும், மெல்ல மெல்ல விலங்கின் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அதனால்தான் அக்கால நூல்களுக்குக் கனத்த மர அட்டையும் இறுக்கிப் பூட்டும் கொக்கியும் இருந்தன. அந்த அழுத்தம் போனதும் ஒற்றை ஏடு அலை அலையாக நெளியும். தோல் நெளியும், பொன்னின் மெத்தை நெளியாது, வெடித்து உதிரும். காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டையொட்டி நிலையாக வைப்பது, வெளிச்சத்தை 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, கண்ணாடி பொன்னைத் தொடாதபடி இடைவெளி விடுவது ஆகிய மூன்றும் குறைந்தபட்சத் தேவை. பசைநாடா ஒட்டவே கூடாது.

எதிர்த்திசையில் போகும் வேலை

சிதறிய ஏடுகளைத் தேடி வரிசைப்படுத்தும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவர் அமெரிக்க இடைக்காலவியல் அறிஞர் லிசா ஃபேகின் டேவிஸ். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகள் இருக்குமிடம் தெரிந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஃப்ராக்மென்டேரியம் தளத்தில் அவற்றின் படங்கள் நூலின் வரிசையிலேயே கோக்கப்படுகின்றன. ஏடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், படங்கள் மட்டும் ஒன்று சேரும்.

வரிசை கண்டுபிடிக்கும் முறை, அந்தக் குரு பக்கத்தைப் படித்த முறையேதான். முதலில் சிவப்பு: எந்த நாள், எந்தப் பகுதி. பிறகு பொன்னெழுத்து: மன்றாட்டா, வாசகமா. லத்தீன் வழிபாட்டு நூல்களின் பாடம் பெரும்பாலும் தெரிந்தது என்பதால் மன்றாட்டின் முதல் நான்கு சொல் கிடைத்தால் திருநாளை அடையாளம் காணலாம். ஆண்டின் வட்டத்தில் அந்த நாள் எங்கே வருகிறதோ அங்கே ஏட்டின் இடம். அக்கம்பக்கம் கிடைத்தால் வேறு சாட்சிகளும் சேரும். மூடியிருந்த நூற்றாண்டுகளில் எதிர்ப்பக்கத்து நிறம் மங்கலாக அச்சேறியிருக்கும், ஈரக் கறையின் வடிவம் இரண்டு ஏட்டிலும் ஒன்றாக இருக்கும், பூச்சி போட்ட ஓட்டை ஏடு தாண்டித் தொடரும்.

2022-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் சட்டம் போட்ட ஏடு ஒன்று 75 டாலருக்குக் கிடந்தது. வாங்கியவர் தம் கல்லூரியில் இதே நூலின் வேறோர் ஏட்டைப் பார்த்திருந்தவர். இரு பத்தி அமைப்பும், எழுத்தின் சாயலும், பொன் பின்னணியும் அவருக்கு நினைவிருந்தன. படங்கள் அனுப்பப்பட்டன, அது போவே மிசல்தான் என்று உறுதியாயிற்று.

இன்னும் பாதிக்கு மேற்பட்ட ஏடுகள் கண்ணில் படவில்லை. இப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. சட்டத்திலிருந்து பாதுகாப்பாக வெளியே எடுக்க ஆவணப் பாதுகாப்பு அறிந்தவரை நாட வேண்டும், கத்தியால் தாமே பிரிக்கக் கூடாது. எடுத்த பிறகு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஓரங்கள் வெட்டுப்படாமல், நேர் வெளிச்சத்தில் ஒன்றும் சாய்வு வெளிச்சத்தில் ஒன்றுமாகப் படம் எடுக்க வேண்டும். சட்டம் போட்டவர் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கும் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். அங்கே பொன் குறைவாக இருக்கலாம். ஆனால் அதன் கடைசி வரி பெரும்பாலும் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கும், மீதி வாக்கியம் தொடங்கும் ஏடு வேறோர் ஊரில் இருக்கும்.